மாத்திரை கிடைக்காத மாதங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். நேரமில்லாதவர்கள் எடுத்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

கடந்த பத்து நாட்களில் மூன்று பேர் உள்பெட்டியில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். சாத்தூரில் இருக்கும் என் பழைய மாணவி தன் மகளுக்காகக் கேட்டிருந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனி மேலாளராக இருக்கும், 2002-ல் பத்தாவது முடித்த ஒருவன் தனக்காகவே கேட்டிருந்தான். துபாயில் இருக்கும் என் சித்தப்பா மகன் தன் பேரனுக்காகக் கேட்டிருந்தான். டாக்டர் ஏடிஹெச்டி என்கிறார், மாத்திரை எழுதித் தந்திருக்கிறார், கடை கடையாக அலைகிறோம், கிடைக்கவில்லை, கிடைக்கிற வரைக்கும் என்ன செய்வது?

என்னிடம் ஏன் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். என் மகள் வயிற்றுப் பேரனுக்கு எட்டு வயதில் இதைக் கண்டுபிடித்தார்கள். இப்போது அவனுக்குப் பதின்மூன்று. இதை எழுத அவனிடமும் மகளிடமும் அனுமதி வாங்கிவிட்டேன். "பேர் போடக் கூடாது, போட்டோ போடக் கூடாது" என்று இரண்டு நிபந்தனைகள். நான் டாக்டர் இல்லை, 34 வருடம் கணக்கு நடத்தியவன். அந்த அளவோடு படியுங்கள்.

முதலில் பெயரைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. புத்தகத் தமிழில் 'கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு' என்கிறார்கள். நம் பேச்சில் கவனக்குறைவு என்றாலே குற்றம். 'ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து' என்று பேப்பரில் படித்துப் பழகிய நமக்கு, அந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளை மீது கோபம்தான் வரும். உண்மையில் இந்தப் பிள்ளைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. அதை வேண்டிய இடத்துக்குத் திருப்புவதும், வேண்டிய நேரம் அங்கே நிறுத்தி வைப்பதும்தான் கைகூடுவதில்லை. என் பேரன் சைக்கிள் கடை வாசலில் வீல் கோட்டம் எடுப்பதை ஒன்றரை மணி நேரம் அசையாமல் பார்ப்பான். அதே பையனால் ஐந்து வாய்ப்பாட்டுக் கணக்கை ஒரே மூச்சில் எழுத முடியாது. "அதுக்கு மட்டும் கவனம் வருதாக்கும்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. வரும். பிடித்ததற்குத் தானாக வரும். பிடிக்காததற்கு வரவழைக்கிற பொறுப்பு மூளையின் முன்பகுதியில் இருக்கிறது. அங்கே டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருட்களின் வேலை இவர்களுக்குச் சற்று வேறு மாதிரி நடக்கிறது. இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. வளர்ப்பு சரியில்லை என்று என் மகளிடம் சொன்னவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

அவனே ஒருநாள் சொன்னான்: "தாத்தா, கோயில் கொடைக்கு நாலு பக்கமும் குழாய் கட்டி நாலு பாட்டுப் போடுவாங்கள்ல, அது மாதிரி இருக்கும். மாத்திரை போட்டா ஒரு குழாய் மட்டும் பாடும்." இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

அந்த மாத்திரையின் பெயர் மெத்தில்ஃபெனிடேட். 1944-ல் சுவிட்சர்லாந்தில் சீபா கம்பெனியில் லியாண்ட்ரோ பனிசான் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. மனைவியைச் செல்லமாக ரீட்டா என்று அழைப்பாராம், அந்தப் பெயரில்தான் ரிடாலின் வந்தது. இது புதுசாக வந்த விஷயம் என்று நினைப்பவர்களுக்காகச் சொன்னேன். 1999-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 579 குழந்தைகளை 14 மாதம் பின்தொடர்ந்தார்கள். கவனம், துறுதுறுப்பு ஆகிய மூலப் பிரச்சினைகளில், முறையாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து நடத்தைப் பயிற்சியை மட்டும் கொடுத்ததைவிட நன்றாக வேலை செய்தது. வேறு சில விஷயங்களில் இரண்டும் சேரும்போது கூடுதல் பலன் இருந்தது. அதனால் நான் கீழே எழுதப்போகிற வீட்டு வைத்தியம் எல்லாம் மாத்திரைக்கு மாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரை இருந்தாலும் செய்ய வேண்டியவை, இல்லாதபோது இன்னும் கறாராகச் செய்ய வேண்டியவை.

சரி, ஏன் கிடைப்பதில்லை? இந்த மருந்து நம் நாட்டில் 'ஷெட்யூல் எக்ஸ்' பட்டியலில் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. ஷெட்யூல் எக்ஸ் மருந்தை விற்க மருந்துக் கடைக்காரர் 20எஃப் என்ற தனி உரிமம் எடுக்க வேண்டும். டாக்டர் சீட்டை இரண்டு பிரதியாக எழுத வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் பாதுகாக்க வேண்டும். மருந்தைத் தனி அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும். மாதம் நாலு பேர் வாங்குகிற மாத்திரைக்கு இவ்வளவு எதற்கு என்று நம் ஊர்ப் பக்கக் கடைக்காரர்கள் விட்டுவிடுகிறார்கள். கோவில்பட்டியில் நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் "அண்ணாச்சி, இத நாங்க வைக்கிறதில்ல" என்ற ஒரே பதில்தான். ஒரு கடையில் சீட்டைப் பார்த்துவிட்டு என்னையும் ஏற இறங்கப் பார்த்தார்கள். வெள்ளை வேட்டி கட்டிய கிழவன் போதைக்கு மாத்திரை தேடுகிறான் என்று நினைத்தார்களோ என்னவோ. இந்த மருந்தைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஒரு மாவட்டத்துக்கு நாலு கடையாவது இதை வைத்திருக்க வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

நம் ஊரில் மட்டும் இப்படி என்று மனம் கசக்க வேண்டாம். அமெரிக்காவில் 2022 அக்டோபரில் அட்டரால் தட்டுப்பாட்டை அரசே அறிவித்தது. இங்கிலாந்தில் 2023 செப்டம்பரில் ஏடிஹெச்டி மருந்துகள் பலவற்றுக்குத் தட்டுப்பாடு என்று எச்சரிக்கை விட்டார்கள்.

எங்களுக்கு இரண்டு முறை மாத்திரை அற்றுப்போனது. முதல் முறை 2021 மே மாத ஊரடங்கில். டாக்டரும் கடையும் மதுரையில், நடுவில் நூறு கிலோமீட்டர், பஸ் கிடையாது. அப்போது பள்ளிக்கூடமும் இல்லாததால் ஓரளவு சமாளித்தோம். இரண்டாவது முறை போன வருடம், அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால். வழக்கமாக வாங்கும் கடையில் "மேலேயிருந்தே வரல" என்றார்கள். ஏழு வாரம்.

அந்த ஏழு வாரத்தின் மூன்றாவது நாள் நடந்ததைச் சொல்கிறேன். பேரன் ஹாக்கி ஆடுகிறவன். பயிற்சி முடிந்து மைதானத்துக்கு வெளியே பையன்கள் பந்தைத் தட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பந்து ரோட்டுக்கு உருண்டது, இவன் பின்னாலேயே ஓடிவிட்டான். லாரிக்காரர் பிரேக் போட்ட சத்தம் டீக்கடையில் நின்ற எனக்குக் கேட்டது. ஒரு கை தூரம். லாரியிலிருந்து இறங்கி வந்தவர் திட்டக்கூட இல்லை, கை நடுங்க என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். பேரனோ "பந்து போயிடும்ல தாத்தா" என்றான். ரோடு என்கிற ஒன்று அங்கே இருப்பதே அந்த வினாடியில் அவன் மனதில் இல்லை. அதுவரைக்கும் மார்க்கைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

ஆகவே மாத்திரை நின்றால் முதலில் பார்க்க வேண்டியது படிப்பை இல்லை. ரோடு, கிணறு, அடுப்பு, மொட்டை மாடி, வண்டிச் சாவி, இவற்றைத்தான். அன்றே சைக்கிளை நிறுத்திவிட்டோம். ஏழு வாரமும் பள்ளிக்கும் மைதானத்துக்கும் நான் கூடவே நடந்தேன். திருப்பூர்த் தம்பி, உனக்கும் இதுதான். மாத்திரை இல்லாத நாட்களில் பைக்கை வீட்டில் வைத்துவிட்டு பஸ்ஸில் போ.

அன்று இரவே டாக்டருக்குப் போன் செய்தோம். கேட்ட முதல் கேள்வி, திடீரென்று நின்றால் ஆபத்தா என்பது. அவன் சாப்பிடும் அளவுக்கு உடம்புக்கு ஆபத்து இல்லை, பழைய தொந்தரவுகள் திரும்பும், அவ்வளவுதான் என்றார். ஆனால் எல்லோருக்கும் இதே பதில் இல்லை. சில பிள்ளைகளுக்கு குளோனிடின் கொடுப்பார்கள். அதைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் ஏறிவிடும். பெரிய அளவில் நாள்பட மருந்து எடுப்பவர்களும் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மாத்திரை தீர பத்து நாள் இருக்கும்போதே டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

இருக்கிற நாலு மாத்திரையைப் பாதிப் பாதியாக உடைத்துக் கொடுக்கலாமா என்று என் மகள் கேட்டாள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையை உடைத்தால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும் என்று சொல்லித் தடுத்தார். மறுபடி மாத்திரை கிடைத்ததும் விட்டதற்கும் சேர்த்துக் கொடுக்கிற வேலையும் கூடாது. இன்னொரு பிள்ளைக்கு எழுதிய மாத்திரையைக் கடன் வாங்குவதும் கூடாது. அமெரிக்காவிலிருந்து என் அண்ணன் மகன், "சித்தப்பா, இங்கேருந்து பார்சல்ல அனுப்பட்டுமா?" என்று பாசமாகக் கேட்டான். அவன் சொன்னது அட்டரால். ஆம்ஃபெட்டமின் வகை, நம் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் இருப்பது. அதைத் தபாலில் அனுப்பினால் அவன் பாசம் எங்களைக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்தும். துபாய்த் தம்பிக்கும் இதையே சொல்கிறேன். இங்கிருந்து மருந்து கொண்டுபோவதாக இருந்தால் அமீரகத்தில் முன் அனுமதி வாங்காமல் பெட்டியில் வைக்காதே. டாக்டர் சீட்டு மட்டும் இருந்தால் போதாது.

மாற்று மருந்து உண்டா என்றால் உண்டு. அடோமாக்செடின் என்று ஒன்று இருக்கிறது. அது ஷெட்யூல் எக்ஸில் வராது, டாக்டர் சீட்டைக் காட்டினால் நிறையக் கடைகளில் கிடைக்கும். ஆனால் போட்ட அன்றே வேலை செய்யாது, பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்ல முடியாது. எங்கள் டாக்டர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே பழைய மாத்திரை வந்துவிட்டது. சாத்தூர் மகளே, உன் ஊரில் கடை இல்லை என்றால் இதைப் பற்றி உன் டாக்டரிடம் வாய்விட்டுக் கேள்.

இனி வீட்டில் செய்ததைச் சொல்கிறேன்.

மண்டைக்குள் நிற்காததை எல்லாம் கண்ணுக்கு முன்னால் வெளியே வைத்தோம். இதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நேரம் என்பது இவர்களுக்கு இரண்டே வகை, 'இப்போ', 'இப்போ இல்லை'. சாயங்காலம் ஆறு மணிக்குள் முடி என்றால் அது அவனுக்குக் காற்றில் போகிற பேச்சு. சமையலறை டைமர் ஒன்று வாங்கி மேஜையில் வைத்தேன். பத்து நிமிடம் படிப்பு, மூன்று நிமிடம் எழுந்து நடை. பத்து நிமிடத்தில் என்ன படிக்க முடியும் என்று கேட்கிறவர்கள், ஒரு மணி நேரம் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்த பிள்ளையைப் பார்க்காதவர்கள்.

பாராட்டையும் தண்டனையையும் நாளைக்கு என்று தள்ளிவைத்தால் இவர்களிடம் எடுபடாது. எங்கள் ஊரில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் பஞ்சமா? மருந்து முக்காத வெறும் குச்சி ஒரு கட்டு வாங்கி வந்தேன். ஒரு பத்து நிமிடம் முடித்தால் ஒரு குச்சி, அந்த நொடியே, டப்பாவில். பத்துக் குச்சிக்கு ஒரு கடலை மிட்டாய், முப்பதுக்கு மாலையில் அரை மணி நேரம் கூடுதல் ஹாக்கி. கொடுத்த குச்சியை எக்காரணம் கொண்டும் திரும்ப எடுக்கக் கூடாது என்பது சட்டம். கோபத்தில் என் மகள் ஒருமுறை டப்பாவைத் தூக்கப் போனாள், "அது அவன் சம்பளம்மா, விடு" என்று தடுத்தேன்.

கதவில் ஒரு அட்டை: டிபன், தண்ணீர், நோட்டு, பெல்ட், ஐடி கார்டு. வாசல் தாண்டும் முன் விரலால் தொட்டுப் படிக்க வேண்டும். வாயால் நாம் சொல்லிக்கொண்டே இருந்தால் நம் வாய் தேயும், அவன் காது மரத்துப்போகும். பாடப் புத்தகத்தில் இரண்டாவது செட் ஒன்றை மேல் வகுப்புப் பையனிடம் பழசாக வாங்கி வீட்டில் வைத்தோம், "புக்கை ஸ்கூல்லயே விட்டுட்டேன்" என்ற சண்டை நின்றது. கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு, கட்டத்துக்கு ஓர் இலக்கம். அவன் பிழைகளில் பாதிக்கு மேல் தெரியாமல் வந்தவை இல்லை, பத்தாம் இடத்தில் எழுத வேண்டியதை நூறாம் இடத்தில் எழுதி வந்தவை.

அவன் படிக்கும்போது நான் எதிரில் உட்கார்ந்து என் வேலையைப் பார்ப்பேன். சொல்லித் தர மாட்டேன். பென்ஷன் கணக்கு எழுதுவேன், பேப்பர் படிப்பேன். பக்கத்தில் ஒரு ஆள் அமைதியாக வேலை செய்தாலே இவர்களுக்கு ஒரு பிடிமானம். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பலன் இல்லை, அதையும் சோதித்துப் பார்த்தாயிற்று.

காலை ஐந்தரைக்கு மைதானம். ஓடி வியர்த்து வந்த நாட்களில் முதல் இரண்டு பீரியட் தேவலை என்று அவன் வகுப்பாசிரியை சொன்னார். இரவு ஒன்பதரைக்கு விளக்கு அணைய வேண்டும், போன் என் தலையணைக்கு அடியில்.

அந்த வகுப்பாசிரியையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 'இந்த ஏழு வாரம் மாத்திரை இல்லை' என்று மகள் நேரில் போய்ச் சொன்னாள். மறைக்க வேண்டாம் என்பது எங்கள் முடிவு. அவர் அவனை முன்வரிசைக்கு, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் மாற்றினார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளைதான் கொடுத்தார். பாதி பீரியடில் அவனை எழுப்பி, "ஆபீஸ் ரூம்ல போய் சாக்பீஸ் வாங்கிட்டு வா" என்று அனுப்புவாராம். நானும் அந்தக் காலத்தில் துறுதுறு பையன்களுக்குச் செய்த வேலைதான் அது. உங்களில் இரண்டு பேர் இதைப் படித்துச் சிரிப்பீர்கள், உங்களுக்கு எவ்வளவு சாக்பீஸ் தேவைப்பட்டது என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இவ்வளவு செய்தும் அரையாண்டில் கணக்கு 71-லிருந்து 48-க்கு இறங்கியது. பள்ளியில் இரண்டு கைகலப்பு. ஒரு ஹாக்கி மட்டை தொலைந்தது. ஒருநாள் இரவு, "நான் வேணும்னு செய்யல தாத்தா" என்று அழுதான். வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும் என்றேன். வேறு என்ன சொல்ல?

நல்லதும் ஒன்று நடந்தது. மாத்திரையில் பசி மந்தப்படும், மதியச் சாப்பாடு டப்பாவோடு திரும்பி வரும். நின்ற ஏழு வாரத்தில் பையன் நன்றாகச் சாப்பிட்டு இரண்டு கிலோ ஏறினான். என் வீட்டம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "இப்பத்தான் புள்ள முகத்துல களை வந்திருக்கு, இனி அந்த மாத்திரையே வேண்டாம்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். வீட்டில் பெரிய விவாதம். கடைசியில் அவனையே கேட்டோம். "மாத்திரை போட்டா பசிக்காது, ஆனா எல்லாரும் என்னைத் திட்ட மாட்டாங்க" என்றான். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். இப்போது மாத்திரைக்கு முன்னால் காலை ஏழு மணிக்கே நெய் விட்டு நாலு தோசை, மருந்தின் வேகம் இறங்கும் சாயங்காலம் பணியாரமோ முட்டையோ, இரவு வயிறு நிறைய. எடையும் உயரமும் ரத்த அழுத்தமும் ஒவ்வொரு முறையும் டாக்டர் குறித்துக்கொள்கிறார்.

வல்லாரை லேகியம், ஞாபகசக்தி டானிக் என்று கொண்டுவந்து கொடுத்த அன்பர்களுக்கு நன்றி. வல்லாரைத் துவையல் எங்கள் வீட்டில் முன்பிருந்தே உண்டு, ருசிக்காக. டானிக்கை வாங்காதீர்கள், காசுக்குப் பிடித்த கேடு.

சாத்தூர் மகளே, உன் பெண் ஓடுவதில்லை, குதிப்பதில்லை, ஜன்னலோரம் கனவு கண்டுகொண்டிருக்கிறாள், இது எப்படி ஏடிஹெச்டி ஆகும் என்று கேட்டிருந்தாய். துறுதுறுப்பு இல்லாத வகையும் உண்டு. அது பெண் பிள்ளைகளிடம் கண்ணில் படாமலே போய்விடுகிறது, வகுப்பில் தொந்தரவு கொடுக்காத பிள்ளையை யார் கவனிக்கிறார்கள்? பரிசோதனைக்கு மாவட்ட அரசு மருத்துவமனையோடு இயங்கும் ஆரம்பகாலத் தலையீட்டு மையத்தில் விசாரி. பள்ளிக் குழந்தைகளுக்கான ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் முப்பது குறைபாடுகளில் இதுவும் ஒன்று. யாரிடம் பேசுவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 பிரிவுகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஆட்டிசம் இருக்கிறது, ஏடிஹெச்டி தனியாக இல்லை. சான்றிதழ் என்று அலையும் முன் இதைத் தெரிந்துகொள்.

திருப்பூர்த் தம்பி, 38 வயதில் இது வருமா என்று கேட்டாய். வந்ததில்லை, கூடவே இருந்தது. நோட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்து நீ சொன்ன காரணங்களை நான் மறக்கவில்லை. சாவிக்கு வாசலில் ஓர் ஆணி, கரண்ட் பில்லுக்குத் தானியங்கிப் பட்டுவாடா, ஆர்டரை வாயால் வாங்காமல் அந்த இடத்திலேயே எழுதி வாங்குவது, இந்த மூன்றையும் இந்த வாரம் தொடங்கு. மற்றதை நேரில் பேசுவோம். உன் மனைவியிடம் டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டாயா? அதை முதலில் செய்.

நாங்கள் இப்போது மாத்திரை தீர மூன்று வாரம் இருக்கும்போதே மதுரைக் கடைக்குப் போன் போட்டுவிடுகிறோம். 20எஃப் உரிமம் உள்ள கடைகள் எவை என்று டாக்டரின் உதவியாளரிடம் கேட்டு மூன்று கடைகளின் எண்களை வாங்கி வைத்திருக்கிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் பக்கம் இந்த மருந்து வைத்திருக்கும் கடை யாருக்காவது தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள், சாத்தூருக்கும் சொல்லிவிடுகிறேன். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை மட்டும் கூப்பிடாதீர்கள், தூங்கிக்கொண்டிருப்பேன்.